பெரிய ஆராய்ச்சித் தரவுகளை அனுப்பத் தனி சர்வர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜீனோம் சீக்வென்சிங், எலக்ட்ரான் மைக்ராஸ்கோப், வானியல், தட்பவெப்ப மாடல் என்று எந்தத் துறையை எடுத்தாலும் இப்போது தரவு டெராபைட் கணக்கில்தான் சேருகிறது. அதை இன்னொரு ஊருக்கோ நாட்டுக்கோ அனுப்ப வேண்டிய நாள் வரும்போதுதான் சிக்கல் தெரியும். நான் ஒரு ஆராய்ச்சி நிறுவனத்தில் சர்வர்களைப் பார்த்துக்கொள்பவன். மாணவர்களும் பேராசிரியர்களும் பல வருஷமாக என்னிடம் கேட்ட கேள்விகளையும், நான் சொல்லிவரும் பதில்களையும் இங்கே எழுதிவைக்கிறேன். லினக்ஸ் ஓரளவு தெரிந்தால் போதும்.

எங்கள் துறையில் ஏற்கெனவே ஒரு சர்வர் இருக்கிறதே, அதிலிருந்தே அனுப்பினால் என்ன?

அனுப்பலாம். எப்போதாவது நூறு, இருநூறு ஜிபி என்றால் அதுவே போதும். ஆனால் அந்த சர்வரில் வேறு என்னென்ன ஓடுகிறது என்று ஒருமுறை பாருங்கள். துறையின் வெப்சைட் இருக்கும், ஒரு மாணவரின் பைத்தான் புரோகிராம் மூன்று நாளாக ஓடிக்கொண்டிருக்கும், யாரோ திறந்துவைத்து மறந்துபோன ஜூப்பிட்டர் நோட்புக் இருக்கும். எல்லாம் ஒரே டிஸ்க்கைப் பிடித்து இழுக்கும். ராத்திரி அனுப்ப ஆரம்பித்தது காலையில் பாதியில் நிற்கும். ஏன் நின்றது என்று கண்டுபிடிக்கவும் முடியாது.

தரவு அனுப்ப, வாங்க மட்டும் என்று ஒதுக்கிய சர்வரை டேட்டா டிரான்ஸ்ஃபர் நோடு, சுருக்கமாக டிடிஎன் என்கிறார்கள். அமெரிக்க எரிசக்தித் துறையின் ஆராய்ச்சி நெட்வொர்க்கான இஎஸ்நெட், இந்த ஏற்பாட்டை நன்றாக எழுதி, உலகம் முழுக்கப் பரப்பியது. பலனுக்கு ஒரு உதாரணம்: டென்னசியில் இருக்கும் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்துக்கும் கலிஃபோர்னியாவில் இருக்கும் நெர்ஸ்க் சூப்பர் கம்ப்யூட்டர் மையத்துக்கும் இடையே 33 ஜிபி கோப்பு ஒன்று போய்ச்சேர ஒரு முழு வேலை நாளுக்கு மேல் ஆகிக்கொண்டிருந்தது. 2009 வாக்கில் இரண்டு பக்கமும் டிடிஎன் வைத்துச் சரிசெய்த பிறகு நொடிக்கு 200 எம்பி வரை போனது. 40 டெராபைட்டை மூன்று நாளுக்குள் நகர்த்திவிட்டார்கள். நடுவில் இருந்த தூரம் அதேதான்.

எங்களிடம் 1 ஜிகாபிட் லைன் இருக்கிறது. நொடிக்கு 1 ஜிபி போகும் இல்லையா?

போகாது. லைனின் வேகத்தை பிட்டில் சொல்வார்கள், கோப்பின் அளவை பைட்டில் சொல்வோம். எட்டு பிட் ஒரு பைட். ஆகவே 1 ஜிகாபிட் என்றால் உச்சத்தில் நொடிக்கு 125 எம்பி.

இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: லைன் முழுதாகக் கிடைத்தால் ஒரு டெராபைட் போக 100 மெகாபிட்டில் 22 மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல், 1 ஜிகாபிட்டில் 2 மணி 13 நிமிடம், 10 ஜிகாபிட்டில் 13 நிமிடம் 20 நொடி. உங்களுக்கு ஆகும் நேரம் இதைப்போல இரண்டு மடங்கு என்றால் கவலைப்படாதீர்கள், அது சகஜம். இருபது மடங்கு என்றால் எங்கோ ஏதோ கோளாறு இருக்கிறது, அதைக் கண்டுபிடித்துவிடலாம்.

10 ஜிகாபிட் லைன் இருக்கிறது, சர்வரும் புதுசு. ஆனாலும் வெளிநாட்டுக்கு அனுப்பினால் நொடிக்கு 12, 13 எம்பிக்கு மேல் ஏறவே மாட்டேன் என்கிறது. ஏன்?

என்னிடம் அதிகம் வரும் கேள்வி இதுதான். கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

இணையத்தில் தரவைப் பேக்கெட் என்ற சின்னத் துண்டுகளாக அனுப்பும் முறைக்கு டிசிபி என்று பெயர். அது தரவை அனுப்பிவிட்டு "வந்துசேர்ந்தது" என்ற பதிலுக்குக் காத்திருக்கும். பதில் வராமல் எவ்வளவு தரவை அனுப்பிக்கொண்டே போகலாம் என்பதற்கு ஒரு வரம்பு உண்டு. அதற்கு விண்டோ என்று பெயர். இங்கிருந்து இங்கிலாந்து போய்த் திரும்ப 150 மில்லிசெகண்ட் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 10 ஜிகாபிட் லைனை அந்த 150 மில்லிசெகண்டும் காலியாக விடாமல் நிரப்ப வேண்டுமானால், எந்த நேரமும் சுமார் 187 எம்பி வழியில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அதாவது விண்டோ அவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்.

இப்போது கோப்பைக் காப்பி செய்ய நீங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் எஸ்சிபி கமாண்டை எடுத்துக்கொள்ளுங்கள். அது, வேறு சர்வரில் பாதுகாப்பாக லாகின் செய்ய உதவும் ஓப்பன்எஸ்எஸ்ஹெச் மேல் ஓடுகிறது. ஓப்பன்எஸ்எஸ்ஹெச் உள்ளுக்குள் தனக்கென்று சுமார் 2 எம்பி விண்டோ வைத்திருக்கிறது. ஒவ்வொரு 150 மில்லிசெகண்டுக்கும் 2 எம்பி என்றால் நொடிக்கு 13 எம்பி. நீங்கள் பார்க்கும் எண் அப்படியே வந்துவிட்டது பாருங்கள். லைனை 100 ஜிகாபிட் ஆக்கினாலும் இதே 13 எம்பிதான். ஒரே கட்டிடத்துக்குள் அனுப்பும்போது இந்தத் தடை தெரியவே தெரியாது, ஏனென்றால் அங்கே போய்த் திரும்பும் நேரம் ஒரு மில்லிசெகண்டுக்கும் குறைவு.

இந்தக் காரணத்தை எளிதில் சரிசெய்யலாம். வேறு மென்பொருள் போடலாம், இல்லையென்றால் ஒரே நேரத்தில் நாலைந்து இணைப்புகளில் பிரித்து அனுப்பலாம். பிட்ஸ்பர்க் சூப்பர் கம்ப்யூட்டிங் சென்டர் செய்த ஹெச்பிஎன்-எஸ்எஸ்ஹெச் என்ற மாற்றுப் பதிப்பில் இந்த வரம்பையே எடுத்திருக்கிறார்கள்.

இரண்டாவது காரணம் பேக்கெட் இழப்பு. இது பொல்லாதது. வழியில் ஒரு பேக்கெட் தொலைந்தால் டிசிபி "ரோட்டில் நெரிசல்" என்று நினைத்து வேகத்தைச் சட்டென்று குறைக்கும், பிறகு மெல்ல மெல்ல ஏற்றும். தூரம் கூடினால் அந்த ஏற்றமும் மெதுவாகும். 1997-இல் மாத்திஸும் மற்றவர்களும் கொடுத்த சூத்திரப்படி போட்டுப் பார்த்தால், 22,000 பேக்கெட்டில் ஒன்று தொலைகிறது என்ற அளவுக்கு, போய்த் திரும்ப 1 மில்லிசெகண்ட் ஆகும் இடத்தில் ஒரு இணைப்புக்கு 1.7 ஜிகாபிட் கிடைக்கும். அதே இழப்போடு 150 மில்லிசெகண்ட் தூரத்துக்கு வெறும் 12 மெகாபிட்தான். வேகத்தை ஏற்றி இறக்க இப்போது லினக்ஸில் இருக்கும் கியூபிக் என்ற முறை இதைவிடக் கொஞ்சம் தேவலாம், ஆனால் கதை மாறாது.

22,000-இல் ஒன்று என்ற எண்ணைச் சும்மா எடுக்கவில்லை. இஎஸ்நெட்டின் ஒரு ரவுட்டரில் ஒரு கார்டு பழுதாகி, சரியாக இந்த விகிதத்தில் பேக்கெட்டுகளை விழுங்கிக்கொண்டிருந்தது. ரவுட்டரின் எர்ரர் கவுண்ட்டரில் ஒன்றும் பதிவாகவில்லை. தொடர்ந்து அளந்துகொண்டிருந்த பெர்ஃப்சோனார் என்ற கருவி இருந்ததால்தான் தெரியவந்தது. உள்ளூரில் வேகமாகவும் தூரத்துக்கு மெதுவாகவும் இருந்தால், முதலில் இழப்பைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

ஃபயர்வாலுக்கும் வேகத்துக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய இருக்கிறது. அலுவலக ஃபயர்வால் ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன இணைப்புகளுக்காகச் செய்தது. ஈமெயில், வெப்சைட், வீடியோ. உள்ளே பல செயலிகள் (பிராசசர்கள்) வேலையைப் பங்கு போட்டுக்கொள்ளும். ஒரே இணைப்பில் பல ஜிகாபிட் வந்து மோதினால் பெரும்பாலும் ஒரு செயலியின் தலையில்தான் அத்தனையும் விழும். அதன் பஃபர் (பேக்கெட் காத்திருக்கும் இடம்) சின்னது, நிரம்பியதும் பேக்கெட்டைக் கீழே போட்டுவிடும். அதன் விளைவைத்தான் மேலே பார்த்தோம்.

பேக்கெட்டைப் போடாமலும் ஃபயர்வால் கெடுக்கும். அமெரிக்காவின் பென் ஸ்டேட் பல்கலைக்கழகப் பொறியியல் கல்லூரியில் 1 ஜிகாபிட் லைனில் 50 மெகாபிட்தான் வந்தது. தேடிப்பார்த்தால், ஃபயர்வாலில் டிசிபி வரிசை எண்களைச் சோதிக்கும் ஒரு வசதி, விண்டோவைப் பெரிதாக்க அனுமதிக்காமல் 64 கேபியிலேயே நிறுத்திவைத்திருந்தது. போய்த் திரும்ப 10 மில்லிசெகண்டு. 64 கேபியை அதால் வகுத்தால் 50 மெகாபிட் சொச்சம். கணக்கு அப்படியே பொருந்துகிறது. அந்த வசதியை நிறுத்தியதும் உள்ளே வரும் வேகம் ஏறக்குறைய 5 மடங்கும், வெளியே போகும் வேகம் ஏறக்குறைய 12 மடங்கும் கூடியது.

அதற்காக ஃபயர்வாலை எடுத்துவிடச் சொல்கிறீர்களா? எங்கள் நெட்வொர்க் பிரிவு ஒத்துக்கொள்ளவே மாட்டார்கள்.

எடுக்கச் சொல்லவில்லை. உங்கள் கம்ப்யூட்டரும் அலுவலகக் கணக்குப் பிரிவும் ஃபயர்வாலுக்குப் பின்னாலேயே இருக்கட்டும். தரவு சர்வரை மட்டும், வெளி லைன் நிறுவனத்துக்குள் நுழையும் இடத்துக்குப் பக்கத்திலேயே, தனி ஸ்விட்சில் போடுங்கள். இந்த அமைப்புக்கு சயன்ஸ் டிஎம்இசட் என்று பெயர். 2013-இல் இஎஸ்நெட்டின் எலி டார்ட்டும் அவரோடு வேலை செய்தவர்களும் இதை விளக்கி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மேலே நான் சொன்ன உதாரணங்கள் அதில் இருக்கின்றன. அந்தக் கட்டுரையின் பிரதியை எடுத்துக்கொண்டு நெட்வொர்க் பிரிவைப் போய்ப் பாருங்கள். "ஃபயர்வால் வேண்டாம்" என்று பேச்சை ஆரம்பித்தால் கதவு மூடிவிடும். "இந்த ஒரு சர்வருக்குப் பாதுகாப்பை வேறு விதமாகச் செய்யலாமா" என்று கேளுங்கள். அவர்களுடைய பயம் நியாயமானது. ஏதாவது நடந்தால் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்தான்.

பாதுகாப்புக்கு என்ன செய்வது என்றால்: ஸ்விட்சிலோ ரவுட்டரிலோ அனுமதிப் பட்டியல் போடுங்கள். எந்த ஐபியிலிருந்து, எந்த போர்ட்டுக்கு என்று எழுதிவிட்டு மற்ற எல்லாவற்றையும் அடைத்துவிடலாம். ஸ்விட்ச் இதைத் தன் ஹார்டுவேரிலேயே செய்துவிடும், வேகம் குறையாது. சர்வரில் ஈமெயில் கிடையாது, வெப் பிரவுசர் கிடையாது, மாணவர்கள் லாகின் செய்து புரோகிராம் ஓட்டுவது கிடையாது. எஸ்எஸ்ஹெச்சுக்குக் கீ மட்டும், பாஸ்வேர்டு கூடாது. அப்டேட்டைத் தள்ளிப்போடக் கூடாது. ஒரே வேலை செய்யும் சர்வரைக் காவல் காப்பது, ஐம்பது வேலை செய்யும் சர்வரைக் காப்பதைவிட எளிது. நெட்வொர்க் பிரிவிடம் எடுபடும் வாதமும் இதுதான்.

எந்த சர்வர் வாங்குவது?

விலைப்பட்டியலில் முதலில் கண்ணில் படுவது கோர் எண்ணிக்கை. இந்த வேலைக்கு அது முக்கியம் இல்லை. ஒரு இணைப்பை ஒரு கோர்தான் சுமக்கும். அதனால் 64 மெதுவான கோரைவிட 16 வேகமான கோர் மேல். இரண்டு சாக்கெட் சர்வரில் நெட்வொர்க் கார்டு ஒரு செயலியோடும் டிஸ்க் இன்னொரு செயலியோடும் இணைந்திருந்தால், தரவு நடுவில் தேவையில்லாமல் தாண்டிப் போகும். ஒரே சாக்கெட் போர்டு வாங்கினால் அந்தத் தொல்லை இல்லை, காசும் மிச்சம்.

ரேம் 64 ஜிபியில் ஆரம்பிக்கலாம். நெட்வொர்க் கார்டு 10 அல்லது 25 ஜிகாபிட். அதை எந்த ஸ்லாட்டில் செருகுகிறீர்கள் என்று பாருங்கள், சில ஸ்லாட்டுகள் பார்க்க நீளமாக இருக்கும், உள்ளே தரவு போகும் தடங்களில் பாதியைத்தான் இணைத்திருப்பார்கள்.

பணத்தை டிஸ்க்கில் போடுங்கள். 10 ஜிகாபிட் என்றால் நொடிக்கு 1250 எம்பி. ஒரு சாதாரண ஹார்ட் டிஸ்க், கோப்பை வரிசையாகப் படிக்கும்போது நொடிக்கு 200 எம்பி சொச்சம்தான் தரும். லைனை நிரப்ப, பல டிஸ்க்கை ஒன்றாகச் சேர்க்கும் ரெய்டில் ஆறேழு டிஸ்க்காவது வேண்டும். அதுவும் ஒரே நேரத்தில் இரண்டு பேர் படித்தால் ஊசி முன்னும் பின்னும் ஓடி வேகம் விழுந்துவிடும். என்விஎம்இ என்ற வேகமான எஸ்எஸ்டி ஒன்றே நொடிக்குப் பல ஜிபி தரும். என் யோசனை இதுதான்: வந்து இறங்கும் இடம் என்விஎம்இ ஆக இருக்கட்டும். நெல்லைக் களத்தில் கொட்டிவிட்டு அப்புறம் குதிருக்கு மாற்றுவதுபோல, அங்கிருந்து நிதானமாகப் பெரிய ஸ்டோரேஜுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

யூபிஎஸ் இல்லாமல் எதையும் ஓட்டாதீர்கள்.

வாங்குவதற்கு முன்னால் எதைச் சோதிக்க வேண்டும்?

இருப்பதை முதலில் அளந்து பாருங்கள். புது சர்வருக்கு ஒரு வருஷம் அலைந்து பணம் வாங்கி, வந்து பார்த்தால் பிரச்சினை வேறு எங்கோ இருந்தது என்று ஆன குழுக்களை எனக்குத் தெரியும்.

எங்களிடமே நடந்தது. ஒரு ஆய்வகத்தில் சீக்வென்சர் பக்கத்தில் இருந்த கம்ப்யூட்டரிலிருந்து எதை அனுப்பினாலும் நொடிக்கு 11 எம்பி. எந்த ஊருக்கு அனுப்பினாலும் 11, பக்கத்து அறைக்கு அனுப்பினாலும் 11. அங்கிருந்த மாணவி மூன்று மாதமாக ஒவ்வொரு ரன்னையும் ராத்திரி முழுக்கக் காத்திருந்து அனுப்பிக்கொண்டிருந்தார். நெட்வொர்க் கார்டின் நிலையைக் காட்டும் எத்டூல் கமாண்டை அடித்துப் பார்த்தேன். ஸ்பீடு 1000 என்று இருக்க வேண்டிய இடத்தில் 100 என்று இருந்தது. மேஜைக்குக் கீழே குனிந்து பார்த்தால், நீல நிறக் கேபிளின் முனையில் பிளாஸ்டிக் கிளிப் உடைந்து, அதைச் செல்லோ டேப்பால் சுற்றி வைத்திருந்தார்கள். உள்ளே எட்டுக் கம்பியில் ஒன்று நகர்ந்து உலோகப் பல்லைத் தொடாமல் நின்றது. 1 ஜிகாபிட்டுக்கு நாலு ஜோடிக் கம்பியும் வேண்டும்; 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடி போதும். நாலு ஜோடியும் கிடைக்காததால் கார்டும் ஸ்விட்சும் தாங்களாகவே 100-க்கு இறங்கி, ஒரு எச்சரிக்கையும் காட்டாமல் ஓடிக்கொண்டிருந்தன. கேபிளை மாற்றினேன். நொடிக்கு 110 எம்பி வந்தது. அந்த மூன்று மாதத்தை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு கஷ்டமாக இருக்கிறது. அவர் முதல் வாரமே யாரிடமாவது கேட்டிருக்கலாம். கேட்கலாம் என்று நாங்கள் அவரிடம் சொல்லியிருக்க வேண்டும்.

ஆகவே ஒவ்வொரு பகுதியாகப் பிரித்துச் சோதியுங்கள். டிஸ்க்கை மட்டும் எஃப்ஐஓ வைத்து அளக்கலாம். நெட்வொர்க்கை மட்டும் ஐபெர்ஃப்3 வைத்து அளக்கலாம், அது டிஸ்க்கைத் தொடாமல் நினைவகத்திலிருந்தே அனுப்பும். முதலில் பக்கத்து சர்வர், அப்புறம் அதே வளாகம், அப்புறம் அதே நாடு, கடைசியில் கடல் தாண்டி. எந்தப் படியில் வேகம் விழுகிறதோ அங்கேதான் கோளாறு. ஐபெர்ஃப்3 காட்டும் மறுஅனுப்பல் எண்ணிக்கையையும் பாருங்கள். அது பூஜ்யமாக இல்லாமல் ஏறிக்கொண்டே போனால் இழப்பு இருக்கிறது. ஃபைபராக இருந்தால் கனெக்டர் முனையைச் சுத்தம் செய்து பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத தூசி போதும். அதற்கென்றே பேனா போல ஒரு கிளீனர் விற்கிறது, கையால் துடைக்காதீர்கள்.

லினக்ஸில் எதையெல்லாம் மாற்ற வேண்டும்?

டிசிபி பஃபரின் உச்ச அளவை ஏற்ற வேண்டும். லினக்ஸ் தானாகவே பஃபரை வளர்க்கும், ஆனால் பல பதிப்புகளில் வழக்கமான உச்சம் அனுப்பும் பக்கம் 4 எம்பி, வாங்கும் பக்கம் 6 எம்பி. தொலைதூரத்துக்கு அது போதாது. பல இணைப்புகளில் பிரித்து அனுப்பினால் 187 எம்பியும் ஒரே இணைப்புக்கு வேண்டியதில்லை; 10 ஜிகாபிட் லைனுக்கு 64 எம்பியோ அதற்கு மேலோ வைக்கலாம். இரண்டு பக்கமும் ஏற்ற வேண்டும். ஒரு பக்கம் மட்டும் ஏற்றிவிட்டு "ஒன்றும் மாறவில்லையே" என்று வருபவர்கள் நிறைய. நெரிசல் கட்டுப்பாட்டுக்கு, கூகுள் 2016-இல் வெளியிட்ட பிபிஆர் முறையையும் சோதித்துப் பாருங்கள். சிறு இழப்புக்கெல்லாம் அது கியூபிக் அளவுக்குப் பதறாது. ஜம்போ ஃப்ரேம் என்று 9000 பைட் பேக்கெட்டும் உதவும், ஆனால் வழி முழுக்க எல்லா ஸ்விட்சும் ஒத்துழைத்தால் மட்டுமே. பாதியில் ஒன்று ஒத்துழைக்காவிட்டால் சின்னக் கோப்புகள் போகும், பெரிய கோப்புகள் அப்படியே தொங்கும். உறுதியாகத் தெரியாவிட்டால் 1500-லேயே விட்டுவிடுங்கள்.

எந்த மென்பொருள்?

மறுமுனையில் இருப்பவர் எதை வைத்திருக்கிறாரோ அதுதான் முதல் பதில். ஐரோப்பிய நியூக்ளியோடைட் ஆர்க்கைவ் என்ற மரபணுத் தரவுக் கிடங்கு போன்ற இடங்கள் எஃப்டிபி, ஆஸ்பெரா என்று தங்களுக்கென்று வழி வைத்திருக்கின்றன. அங்கே அதைத்தான் பிடிக்க வேண்டும்.

இரண்டு பக்கமும் உங்கள் கையில் இருந்தால் குளோபஸைப் பாருங்கள். சிகாகோ பல்கலைக்கழகத்திலிருந்து வருவது, லாப நோக்கமில்லாத ஆராய்ச்சிக்கு அடிப்படைப் பரிமாற்றம் இலவசம், பகிர்தல் போன்ற வசதிகளுக்குச் சந்தா கேட்பார்கள். பல இணைப்புகளில் பிரித்து அனுப்பும், விழுந்தால் தானே எழுந்து தொடரும், முடிந்ததும் செக்சம் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) பார்க்கும், ஈமெயில் அனுப்பும். அனுப்பச் சொல்லிவிட்டு லேப்டாப்பை மூடிவிட்டு வீட்டுக்குப் போகலாம். சர்வர் பதிப்புக்கு 443-ஆம் போர்ட்டும் 50000 முதல் 51000 வரையும் திறக்க வேண்டும். இதை முன்கூட்டியே நெட்வொர்க் பிரிவிடம் எழுதிக் கொடுங்கள்.

கோப்புகளைக் காப்பி செய்யும் ஆர்சிங்க் கமாண்ட் எல்லா இடத்திலும் இருக்கிறது, நம்பகமானது. ஆனால் எஸ்எஸ்ஹெச் வழியே போனால் அதே 2 எம்பி வரம்பு அதற்கும் உண்டு. ஃபோல்டர்களைப் பிரித்து நாலைந்து ஆர்சிங்க்கை ஒரே நேரத்தில் ஓட்டினால் வேகம் கூடும். கிளவுடில் இருந்து எடுக்க ஆர்குளோன் நல்லது. அதுவும் பல கோப்புகளை ஒரே சமயத்தில் இழுக்கும்.

சரியான இடத்தில் வைத்த சர்வர், சரியான மென்பொருள் இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு எண்: அமெரிக்காவின் போல்டர் நகரில் இருக்கும், கடலையும் வானிலையையும் ஆராயும் நோவா அமைப்பின் ஆய்வாளர்கள், நெர்ஸ்க்கில் சேமித்திருந்த வானிலைத் தரவைப் பழைய எஃப்டிபி வழியாக நொடிக்கு ஒன்றிரண்டு எம்பி வேகத்தில் இழுத்துக்கொண்டிருந்தார்கள். டிடிஎன் வந்தபின் 273 கோப்புகள், மொத்தம் 239.5 ஜிபி, பத்து நிமிடம் சொச்சத்தில் போய்ச்சேர்ந்தன.

பெரிய கோப்பு வேகமாகப் போகிறது. லட்சக்கணக்கான சின்னக் கோப்புகள் ஏன் நகரவே மாட்டேன் என்கின்றன?

ஒவ்வொரு கோப்புக்கும் ஒருமுறை கேட்டுப் பதில் வாங்கும் மென்பொருள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து லட்சம் கோப்பு, ஒவ்வொன்றுக்கும் 150 மில்லிசெகண்ட் காத்திருப்பு. ஏறக்குறைய 42 மணி நேரம் வெறும் கேள்வி-பதிலிலேயே போய்விடும். ஒவ்வொரு கோப்பும் 4 கேபிதான் என்றால் மொத்தத் தரவே 4 ஜிபிதான்.

பல கோப்புகளை ஒரே கோப்பாக்கும் டார் கமாண்ட் போட்டுக் கட்டுங்கள். ஆனால் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாக்காதீர்கள்; ஒன்று 50, 100 ஜிபி என்று பல மூட்டைகளாக, சாம்பிள் வாரியாகவோ தேதி வாரியாகவோ பிரித்துக் கட்டினால் ஒன்று கெட்டாலும் அதை மட்டும் திரும்ப அனுப்பலாம். உள்ளே என்னென்ன கோப்பு இருக்கிறது என்ற பட்டியலைத் தனியாக வையுங்கள். ஏற்கெனவே சுருக்கப்பட்ட ஃபாஸ்ட்கியூ (சீக்வென்சிங் தரவு) கோப்புகளையும் படக் கோப்புகளையும் மறுபடி ஜிப் செய்வது வீண். நேரம் போகும், அளவு குறையாது.

டிசிபியே சரிபார்த்து அனுப்புகிறதே, செக்சம் வேறு எதற்கு?

டிசிபியின் செக்சம் வெறும் 16 பிட். ஸ்டோன், பார்ட்ரிட்ஜ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2000-ஆம் ஆண்டு நிஜமான நெட்வொர்க்குகளை ஆராய்ந்து, அதன் கண்ணில் படாமல் தப்பும் பிழைகள் 1.6 கோடி பேக்கெட்டில் ஒன்று முதல் 1000 கோடியில் ஒன்று வரை இருக்கலாம் என்று மதிப்பிட்டார்கள். ஒரு டெராபைட் என்றால் சுமார் 70 கோடி பேக்கெட். அதோடு டிசிபி கம்பியை மட்டும்தான் பார்க்கிறது. டிஸ்க்கில் எழுதும்போது கெட்டதோ, டிஸ்க் நிரம்பிப் பாதியில் நின்றதோ அதற்குத் தெரியாது.

ஒருமுறை நாங்கள் வாங்கிய ஜீனோம் கோப்புகளில் ஒன்று கடைசி சில எம்பி இல்லாமல் வந்திருந்தது. பெயர் சரி, தேதி சரி. மென்பொருளும் திறந்துகொண்டது. ஒரு குரோமோசோமின் கடைசிப் பகுதியில் மட்டும் ரீட் (சீக்வென்சர் படித்த டிஎன்ஏ துண்டு) இல்லை. அதை ஏதோ பெரிய கண்டுபிடிப்பு என்று ஒரு மாணவர் இரண்டு வாரம் துரத்தினார். அன்றிலிருந்து செக்சம் இல்லாமல் எந்தத் தரவையும் நாங்கள் ஆய்வுக்கு எடுப்பதில்லை.

மூலக் கோப்பு உருவான உடனே, அந்தக் கருவியின் பக்கத்திலேயே ஷா-256 செக்சம் பட்டியல் எடுத்துவிடுங்கள். அனுப்பிய பிறகு எடுத்தால் கெட்டதற்கே செக்சம் எடுத்ததாக ஆகிவிடும். ஆர்சிங்க்கை இரண்டாம் முறை ஓட்டினால் எல்லாம் சரிபார்த்துவிட்டது என்று நினைக்க வேண்டாம்; தனியாகச் சொல்லாவிட்டால் அது அளவையும் தேதியையும் மட்டும் ஒப்பிட்டுவிட்டு நகர்ந்துவிடும்.

நடுவில் கரண்ட் போனால்?

குளோபஸ் தானாகத் தொடரும். ஆர்சிங்க்கில் பாதிக் கோப்பை வைத்துக்கொள்ளச் சொல்லும் தேர்வு இருக்கிறது, அதைப் போட்டு ஓட்டுங்கள். கமாண்டை டீமக்ஸ் உள்ளே ஆரம்பித்தால் உங்கள் லேப்டாப் அணைந்தாலும் சர்வரில் வேலை ஓடும்.

இத்தனை பாடு எதற்கு, ஹார்ட் டிஸ்க்கை கூரியரில் அனுப்பிவிட்டால்?

சில நேரம் அதுதான் சரி. கருந்துளையின் முதல் படத்துக்காக 2017 ஏப்ரலில் ஈவன்ட் ஹொரைசன் தொலைநோக்கிகள் சேர்த்த தரவு பெட்டாபைட் கணக்கில் இருந்தது. அதை டிஸ்க்குகளாக விமானத்தில்தான் அமெரிக்காவின் ஹேஸ்டாக் ஆய்வகத்துக்கும் ஜெர்மனியின் பான் நகருக்கும் கொண்டுபோனார்கள். தென் துருவத்தில் இருந்த டிஸ்க்குகள் குளிர்காலம் முடிந்து விமானம் பறக்கும்வரை காத்திருந்து, 2017 டிசம்பரில்தான் வந்துசேர்ந்தன.

உங்கள் லைன் 100 மெகாபிட், தரவு 50 டெராபைட், அனுப்புவது ஒரே ஒருமுறை என்றால் டிஸ்க்கில் அனுப்புங்கள். நெட்வொர்க்கில் 46 நாள் ஆகும். ஆனால் டிஸ்க்கில் காப்பி செய்யும் நேரம், அங்கே இறக்கும் நேரம், கஸ்டம்ஸ் எல்லாவற்றையும் கூட்டிக்கொள்ளுங்கள். டிஸ்க்கை என்கிரிப்ட் செய்யாமல் அனுப்பாதீர்கள். அந்த டிஸ்க் பத்திரமாகப் போய்ச்சேர்ந்து செக்சம் பார்த்து முடிக்கும்வரை இங்கே இருக்கும் பிரதியை அழிக்காதீர்கள். மாதாமாதம் அனுப்ப வேண்டியிருந்தால் சர்வரே மேல்.

எங்கள் நிறுவனத்தின் லைனே மெதுவாக இருந்தால்?

இந்தியாவில் பல ஆராய்ச்சி நிறுவனங்கள் நேஷனல் நாலெட்ஜ் நெட்வொர்க்கில் இணைந்திருக்கின்றன; 2010-இல் அரசின் ஒப்புதல் பெற்ற திட்டம். இலங்கைப் பல்கலைக்கழகங்களுக்கு லேர்ன் என்ற நெட்வொர்க் இருக்கிறது. உங்கள் வளாகத்துக்கு அந்த இணைப்பு வந்திருக்கிறதா, எந்தக் கட்டிடத்தில் வந்து நிற்கிறது, எவ்வளவு வேகம் என்று முதலில் விசாரியுங்கள். வெளி இணைப்பு நல்ல வேகத்தில் வந்து நிற்கும், துறைக்கு வரும் உள் கேபிள் பழைய 1 ஜிகாபிட்டாக இருக்கும். அந்தக் கட்டிடத்திலேயே ரேக்கில் ஒரு இடம் கேட்டு சர்வரை வையுங்கள். சர்வர் உங்கள் கண் முன்னால் இருக்க வேண்டியதில்லை.

நோயாளிகளின் தரவை இதில் அனுப்பலாமா?

எத்திக்ஸ் கமிட்டியின் ஒப்புதலில் "வெளியே பகிரலாம்" என்று இருக்கிறதா என்பதைப் பார்க்காமல் ஒரு கோப்பைக்கூட அனுப்பாதீர்கள். இந்தியாவில் 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென்று தனிச் சட்டமே வந்துவிட்டது. பெயர், மருத்துவமனை எண், பிறந்த தேதி எல்லாவற்றையும் நீக்குங்கள். கோப்பின் பெயரிலும் பாருங்கள். உள்ளே எல்லாம் நீக்கிவிட்டு, கோப்புக்கு நோயாளியின் பெயரையே வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். வழியிலும் டிஸ்க்கிலும் என்கிரிப்ஷன் கட்டாயம்.

சர்வர் நிரம்பிக்கொண்டே போகிறது. என்ன செய்வது?

அது சேமித்துவைக்கும் இடம் இல்லை, கடந்துபோகும் இடம். இதை முதல் நாளே எழுதி ஒட்டாவிட்டால் ஆறு மாதத்தில் அது துறையின் பரண் ஆகிவிடும். எங்கள் விதி 30 நாள். 20-ஆம் நாள் ஒரு ஈமெயில் போகும், 27-ஆம் நாள் இன்னொன்று. 30-ஆம் நாள் நேரடியாக அழிக்காமல் வேறு ஃபோல்டருக்கு மாற்றி இன்னும் ஒரு வாரம் வைத்திருப்போம், ஏனென்றால் ஊருக்குப் போன மாணவர் ஈமெயில் பார்த்திருக்க மாட்டார். அந்த ஒரு வாரத்தில் மாதம் ஒருவராவது ஓடிவருகிறார்.